பழைய மோட்டார்ஹோமின் புரோப்பேன் டேங்க்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருபது, முப்பது வருடப் பழைய மோட்டார்ஹோமை (படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டியை) செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் எஞ்சின், டயர், கூரை ஒழுகல் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்து, அடுப்புக்கும் ஹீட்டருக்கும் கேஸ் தரும், துரு ஏறிப் படுத்திருக்கும் புரோப்பேன் டேங்க்கைப் பார்த்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கும். அப்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எல்லாம் அமெரிக்க விதிகளையும் அங்குள்ள நடைமுறையையும் ஒட்டியவை.

டேங்க் வண்டியோடு வந்தது, முப்பது வயதாகிறது. இதற்குக் காலாவதித் தேதி உண்டா?

இல்லை. இந்தக் குழப்பத்துக்குக் காரணம், புரோப்பேன் இரண்டு வகைக் கலன்களில் வருவதுதான். இழுத்துச் செல்லும் டிரெய்லர்களில் முன்பக்கம் நிற்பவை கழற்றி எடுத்துப் போகக்கூடிய சிலிண்டர்கள். அவை போக்குவரத்துத் துறையின், அதாவது டி.ஓ.டி.யின் விதிகளுக்கு உட்பட்டவை. தயாரித்த மாதத்திலிருந்து 12 வருடம் ஆனதும் மறுசோதனை செய்ய வேண்டும். கண்ணால் பார்த்துச் செய்யும் சோதனை என்றால் அதன்பின் 5 வருடத்துக்கு ஒருமுறை. நம்மூர் சமையல் சிலிண்டரின் கைப்பிடிப் பட்டையில் ‘ஏ-27’ என்ற மாதிரி அடுத்த சோதனைக்கான காலாண்டு எழுதியிருக்குமே, அந்த வகையைச் சேர்ந்தது இது.

மோட்டார்ஹோமின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், நிரந்தரமாகப் பொருத்தியிருக்கும் படுக்கை டேங்க் அப்படியல்ல. அது அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின், அதாவது ஏ.எஸ்.எம்.இ.யின் அழுத்தக்கலன் விதித்தொகுப்பின்படி கட்டப்பட்டது. சிலிண்டருக்கு உள்ள 12 வருடக் கெடு இதற்குப் பொருந்தாது. கேஸ் நிரப்பும் இடத்தில் புதிதாக வேலைக்கு வந்த பையன் “தேதி முடிந்துவிட்டது” என்று திருப்பி அனுப்பினால், சண்டை போட வேண்டாம். டேங்க்கின் தகட்டைக் காட்டுங்கள், அல்லது அனுபவமுள்ளவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

தேதி இல்லை என்பதால் கவலையே இல்லை என்று அர்த்தமல்ல. தடித்த இரும்பு உடம்பு அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. ஆனால் அதன்மேல் திருகியிருக்கும் ரெகுலேட்டர், ஹோஸ், வால்வுகள், கேஜ் எல்லாவற்றுக்கும் வயதாகும். “டேங்க் போச்சு” என்று சொல்லப்படுகிற பல இடங்களில் போனது டேங்க் இல்லை, இவற்றில் ஒன்றுதான். அதனால் பெரிய செலவுக்குப் போகும் முன் சின்னவற்றைப் பாருங்கள்.

தகட்டில் என்ன பார்க்க வேண்டும்?

டேங்க்கின் மேல் ஒரு சின்ன உலோகத் தகடு பற்றவைக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் பெயர், தொடர் எண், செய்த வருடம், தண்ணீர்க் கொள்ளளவு, தாங்கக்கூடிய உச்ச வேலை அழுத்தம் (250 அல்லது 312 பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு, என்று இருக்கும்), இரும்பின் தடிமன் எல்லாம் அதில் பொறித்திருக்கும். துணியால் துடைத்து வாசியுங்கள். படிக்க முடிகிறது என்றால் உடனே போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தகடுதான் டேங்க்கின் பிறப்புச் சான்றிதழ். இது துருப்பிடித்து உதிர்ந்துவிட்டாலோ, யாராவது பெயின்ட்டை அப்பி எழுத்தை மறைத்துவிட்டாலோ, நிரப்புகிறவர் மறுக்கலாம், அவர் மறுப்பது நியாயமும்கூட. பட்டறையில் வேறொரு தகடு அடித்து ஒட்டிக்கொள்ள வழியில்லை. மாற்றுத் தகடு வேண்டுமானால் தயாரிப்பாளர் மூலம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். அது நடக்காவிட்டால், இரும்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் டேங்க்கை மாற்றத்தான் வேண்டும்.

துரு எவ்வளவு இருந்தால் பரவாயில்லை?

மேலாகப் படிந்த செம்பொடித் துரு ஒரு பிரச்சினையே இல்லை. கவலைப்பட வேண்டியது குழி விழுந்த துருவுக்கு. கம்பி பிரஷ்ஷால் கையாலேயே தேய்த்துப் பாருங்கள். தூள் போனதும் வழவழப்பான இரும்பு தெரிந்தால் நல்லது. அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் தெரிந்தாலோ, செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தாலோ, புரோப்பேன் தொழில் தெரிந்த ஒருவர் குழியின் ஆழத்தை அளந்து தகட்டிலுள்ள தடிமனோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். நம் கண் மதிப்பில் முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

பார்க்க வேண்டிய இடங்கள்: அடிவயிறு, பற்றவைப்புக் கோடுகள், டேங்க்கைத் தாங்கும் பிராக்கெட்டுகள் தொடும் இடம். பிராக்கெட்டுக்கும் டேங்க்குக்கும் இடையே சேறு சிக்கி ஈரம் தங்கியே இருக்கும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹாயோ, நியூயார்க் பக்கம் ஓடிய வண்டி என்றால் இந்த இடங்களை டார்ச் அடித்துப் பார்த்தே ஆக வேண்டும். அரிசோனாவிலேயே கிடந்த வண்டிக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஆனால் அங்கே வெயிலில் ஹோஸ்களின் ரப்பர் வெடித்திருக்கும்.

பற்றவைப்பின்மேல் நசுங்கல், ஆழமான கீறல், எங்காவது உப்பல், தீப்பட்ட தடம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் யோசிக்காமல் பயன்பாட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெயின்ட் அடிப்பதாக இருந்தால் துருத்தடுப்பு பிரைமர், மேலே வெள்ளை அல்லது வெளிர்நிறம். இருண்ட நிறம் வெயிலை உறிஞ்சி உள்ளே அழுத்தத்தை ஏற்றும். தகடு, வால்வுகள், ரெகுலேட்டர், கேஜ், சேஃப்டி வால்வின் வாய் எல்லாவற்றையும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடியுங்கள். முடிந்ததும் அந்த டேப்பை மறக்காமல் உரித்துவிடுங்கள். கிரைண்டர் போடாதீர்கள். தீப்பொறி ஒரு காரணம், அது இரும்பையும் சேர்த்துத் தின்றுவிடும் என்பது இன்னொன்று.

அடுப்பு தனியாக நன்றாக எரிகிறது. வண்டியைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓட ஆரம்பித்ததும் தீ சுருங்குகிறது. டேங்க் கெட்டுவிட்டதா?

டேங்க்கைக் குறை சொல்லாதீர்கள். ரெகுலேட்டரைப் பாருங்கள். டேங்க்குக்குள் இருக்கும் அழுத்தம் வெயிலோடு ஏறி இறங்கும். 38 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 170 பி.எஸ்.ஐ.யைத் தாண்டும், உறைபனியில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் அடுப்புக்கும் ஹீட்டருக்கும் ஃப்ரிட்ஜுக்கும் எப்போதும் ஒரே சீரான 11 அங்குல நீர் அழுத்தம் (11 அங்குல உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்), அதாவது அரை பி.எஸ்.ஐ.க்கும் குறைவாக, போய்ச் சேர வேண்டும். இரட்டைக் கட்ட ரெகுலேட்டர் இதை இரண்டு படியாகச் செய்கிறது. முதல் கட்டத்தில் சுமார் 10 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து, இரண்டாவதில் 11 அங்குலத்துக்கு இறக்குகிறது. உள்ளே இருப்பது ஒரு ரப்பர் சவ்வும் ஸ்பிரிங்கும்தான். ரப்பர் விறைத்துப்போனால், ஒன்றிரண்டு பர்னருக்குத் தாக்குப்பிடிக்கும், ஃபர்னஸும் சேர்ந்து இழுத்தால் திணறும்.

பழைய வண்டிகளில் 10 முதல் 15 வருடத்துக்கு ஒருமுறை ரெகுலேட்டரை மாற்றிவிடுவது நல்லது. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்க்கோடு ஒப்பிட்டால் இதன் விலை சொற்பம். மாற்றும்போது அதோடு சேரும் ஹோஸ்களையும் மாற்றுங்கள். பொருத்தும்போது ரெகுலேட்டரின் மூச்சுத்துளை கீழ்நோக்கி இருக்க வேண்டும், சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் அதில் போகாமல் பிளாஸ்டிக் மூடி இருக்க வேண்டும். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் ரெகுலேட்டர் சரியாக வேலை செய்யாது. பனிக்காலத்தில் அங்கே ஐஸ் கட்டுவதும் உண்டு.

அழுத்தத்தைக் கூட்ட அதில் ஒரு திருகு இருக்கும். அழுத்தம் அளக்கும் மானோமீட்டர் மாட்டாமல் அதைத் தொடவே கூடாது. தோசைக்கல் சூடாகவில்லை என்று கண்மதிப்பில் திருகிவிட்டால், அடுத்து ஃப்ரிட்ஜ் பர்னர் மஞ்சளாகப் புகை கக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டேங்க் வால்வைத் திறந்த உடனே எதுவுமே சரியாக எரியவில்லை, கேஸ் இழை மாதிரி வருகிறது என்றால், வால்வை வேகமாகத் திறந்திருப்பீர்கள். குழாய் அறுந்துவிட்டால் தானாக மூடிக்கொள்ள உள்ளே ஓர் அதிகப்பாய்ச்சல் தடுப்பு இருக்கிறது. சடாரென்று திறந்தால் அது ஏமாந்து மூடிக்கொள்ளும். வால்வையும் அடுப்புகளையும் மூடி, சில நிமிடம் பொறுத்து, மெதுவாகத் திறங்கள்.

வண்டிக்குள் இருக்கும் கேஸ் மீட்டர் எப்போதும் பாதி என்றே காட்டுகிறது.

டேங்க்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது ஒரு காந்தம் சுழலும். வெளியே இருக்கும் வட்ட கேஜ் அந்தக் காந்தத்தின் அசைவைத்தான் காட்டுகிறது. பல டேங்க்குகளில் இந்த வட்ட முகப்பு இரண்டு சின்னத் திருகுகளில் நிற்கிறது. காந்த இணைப்புதான் என்பதால் அதைக் கழற்றி மாற்றினால் கேஸ் வெளியே வராது. ஆனால் சுற்றியுள்ள பெரிய நான்கு போல்ட்டுகள் வேறு. அவை டேங்க்கையே மூடி வைத்திருப்பவை, அவற்றில் கை வைக்கவே கூடாது.

முதலில் டேங்க்கில் இருக்கும் முள்ளைப் பாருங்கள். அது சரியாகக் காட்டி, உள்ளே பேனலில் உள்ள விளக்குகள் தப்பாகக் காட்டினால் கோளாறு வயரிலோ, மட்டத்தைப் பேனலுக்குச் சொல்லும் ‘சென்டர்’ (sender) என்ற உறுப்பிலோ. முள்ளே அசையவில்லை என்றால் முகப்பை மாற்றிப் பாருங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் மிதவை சிக்கியிருக்கிறது. அதற்கு டேங்க்கைக் காலி செய்து திறக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகாமல், நிரப்பிய கணக்கை வைத்தே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

கணக்கு எளிதுதான். ஒரு கேலன் புரோப்பேன் சுமார் 91,500 பி.டி.யூ. (வெப்பத்தின் அளவு) தரும். மணிக்கு 30,000 பி.டி.யூ. எரிக்கும் ஃபர்னஸ் விடாமல் எரிந்தால் ஒரு கேலனுக்கு மூன்று மணி நேரம். சமையலும் ஃப்ரிட்ஜும் கொஞ்சமாகத்தான் குடிக்கும். குளிர்காலத்தில் கேஸ் எங்கே போகிறது என்று கேட்டால், ஃபர்னஸ்தான்.

30 கேலன் டேங்க் என்று எழுதியிருக்கிறது. 24 கேலன்தான் நிரப்புகிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

இல்லை. தகட்டில் இருப்பது தண்ணீர்க் கொள்ளளவு. புரோப்பேனை 80 சதவீதம்தான் நிரப்ப வேண்டும். திரவம் சூட்டில் விரியும்போது மேலே இடம் இல்லாவிட்டால் சேஃப்டி வால்வு திறந்து கேஸைக் கக்கிவிடும். 30-க்கு 24 என்பது மிகச் சரியான கணக்கு. அதுவே கிட்டத்தட்ட 100 பவுண்டு, சுமார் 46 கிலோ எடை.

நிரப்பும்போது வால்வு அருகே இருக்கும் சின்ன ‘பிளீடர்’ திருகைத் திறந்து வைப்பார்கள். மட்டம் 80-ஐத் தொட்டதும் அதிலிருந்து வெள்ளைப் புகையாகத் திரவம் பீய்ச்சும். அதோடு நிறுத்த வேண்டும். டேங்க்குக்குள் தானாக நிறுத்தும் வால்வும் இருக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. பிளீடர் பீய்ச்சிய பிறகும் கேஸ் ஏறிக்கொண்டே போனால் அந்த வால்வு பழுது. அதை மாற்றச் சொல்லுங்கள். வண்டி சரிவில் நின்றாலும் மட்டம் தப்பும்.

நிரப்பப் போகும் முன் எஞ்சின், ஃப்ரிட்ஜ், ஹீட்டர், பைலட் தீ எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஆட்கள் எல்லோரும் இறங்கியிருக்க வேண்டும்.

லீக் இருக்கிறதா என்று நானே பார்க்கலாமா?

மூட்டுகளில் சோப்புநீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்கலாம். அம்மோனியா, குளோரின் கலந்த சோப்பு வேண்டாம், பித்தளையையும் செம்பையும் அரிக்கும். கடையில் கிடைக்கும் லீக் திரவமே நல்லது. தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் யாருக்காவது இருந்தால், அவரை வண்டிக்கு அருகில் விடாதீர்கள்.

மொத்தக் குழாய் அமைப்பையும் சோதிக்க, பட்டறையில் மானோமீட்டர் மாட்டி, அழுத்தத்தை 8 அங்குலத்தில் நிறுத்தி, மூன்று நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய வண்டிக்கு வருடம் ஒருமுறை இதைச் செய்துவிடுவது நல்லது. சோப்புநீர் எட்டாத தரைக்கடியில் ஓடும் மூட்டுகளும் இதில் தெரிந்துவிடும்.

புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையோடு தவழ்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். கேஸ் டிடெக்டரைத் தரையோரம் பொருத்தியிருப்பது இதனால்தான். அதற்குக் காலாவதி உண்டு. பொதுவாக 5 முதல் 7 வருடம், பின்பக்கத்தில் தேதி இருக்கும். பழைய வண்டி வாங்கிய அன்றே மாற்ற வேண்டிய பொருள் இது. மூக்கை மட்டும் நம்ப முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. வாசனைக்காகச் சேர்க்கும் மெர்காப்டன், புதிய டேங்க்கிலோ உட்புறம் துருப்பிடித்த டேங்க்கிலோ மங்கிப்போவது உண்டு.

வாசனை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் எல்லோரும் இறங்குங்கள். கை எட்டினால் வெளியிலிருந்து டேங்க் வால்வை மூடுங்கள், தள்ளிப் போய் உதவிக்குக் கூப்பிடுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்று ஆகிவிட்டது. என்ன நடக்கும்?

முதலில் பழையதைக் காலி செய்ய வேண்டும். அடுப்பு, ஃபர்னஸில் எரித்துத் தீர்ப்பது எளிது. மிச்சத்தைப் புரோப்பேன் டீலர் உறிஞ்சி எடுப்பார், அல்லது முறைப்படி எரித்து விடுவார். பிளீடரைத் திறந்து காற்றில் விடுவது வேண்டாம். கேஜ் பூஜ்யம் காட்டினாலும் உள்ளே வாயு நிறைந்திருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

புதிய டேங்க்கை வாங்கும் முன் அளவு எடுங்கள். நீளம், விட்டம் மட்டும் போதாது. பிராக்கெட் துளைகளின் இடைவெளி, நிரப்பும் வால்வு எந்தப் பக்கம், கேஜ் எந்தக் கோணம், பெட்டிக் கதவைத் திறந்தால் கை எட்டுமா என்பதெல்லாம் பார்க்க வேண்டும். கொள்ளளவு ஒன்றாக இருந்தும் வால்வு தவறான பக்கம் வந்து, நிரப்பவே முடியாமல் திண்டாடியவர்கள் உண்டு. பழைய தகட்டின் படத்தோடு தயாரிப்பாளரைக் கேட்டால், அதற்கு நேரான மாற்று எது என்று சொல்லிவிடுவார்கள். மான்செஸ்டர் டேங்க் போன்ற நிறுவனங்கள் ஆர்.வி. எனப்படும் இந்த வகை வண்டிகளுக்கென்றே இவற்றைச் செய்கின்றன.

பொருத்துகிற இடத்தில் விட்டுக்கொடுக்கக்கூடாத ஒன்று: டேங்க்கின் உடம்பில் யாரும் வெல்டிங் வைக்கக்கூடாது. அழுத்தக்கலனில் வெல்டிங் செய்ய அதற்கென்று அங்கீகாரம் பெற்ற கடைகள்தான் உண்டு. பிராக்கெட் பொருந்தவில்லை என்றால் சேஸிஸ் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டும், டேங்க் பக்கம் அல்ல. நிறைந்த டேங்க்கின் எடையைப் போல் பல மடங்கு விசையை அந்த போல்ட்டுகள் தாங்க வேண்டும் என்பதால், துருப்பிடித்த பழைய போல்ட்டையே திரும்பப் போடுவதும் கூடாது.

பிறகு ‘பர்ஜ்’ செய்ய வேண்டும். புதிய டேங்க்குக்குள் காற்றும் ஈரமும் இருக்கும். காற்று இருந்தால் தீ சரியாக எரியாது, நிரப்பும்போது அழுத்தம் தாறுமாறாக ஏறும். ஈரம் இருந்தால் ரெகுலேட்டரில் உறையும். புரோப்பேன் வாயுவைச் சிறிது ஏற்றி, வெளியேற்றி, மறுபடி ஏற்றி என்று சில தடவை செய்து காற்றை விரட்டுவார்கள். ஈரத்துக்கு மெத்தனால் சேர்ப்பதும் உண்டு. “பர்ஜ் செய்தீர்களா?” என்று கேட்டுவிட்டே முதல் நிரப்பலுக்கு விடுங்கள்.

ஹோஸை மாற்றுவது வரை கைப்பழக்கம் உள்ளவர்கள் செய்கிறார்கள். டேங்க் மாற்றத்தை உரிமம் உள்ள புரோப்பேன் டெக்னீஷியனிடம் விடுங்கள்.

டேங்க்கைத் தூக்கிவிட்டு இரண்டு சிலிண்டர் வைத்துக்கொள்ளலாமா? மலிவாயிற்றே.

சிலிண்டர் மலிவு. ஆனால் அதற்கான பெட்டி மலிவல்ல. வண்டியின் உட்புறத்தோடு காற்றுத் தொடர்பே இல்லாமல் அடைத்து, மேலும் கீழும் வெளிப்புறம் காற்றோட்டம் விட்டு, விபத்திலும் சிலிண்டர் நகராதபடி பிடிமானம் செய்ய வேண்டும். பழைய சாமான் பெட்டியில் சிலிண்டரை நிறுத்திக் கயிறு கட்டியிருப்பதைச் சில வண்டிகளில் பார்க்கலாம். அது வேண்டாத வேலை.

நிரப்ப வண்டியை எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்பதுதான் உங்கள் சங்கடம் என்றால், அதற்கு வேறு வழி இருக்கிறது. டேங்க் வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவே ஒரு டி இணைப்பு போட்டு, முகாமில் நிற்கும்போது வெளியிலிருந்து சிலிண்டரை இணைத்துக்கொள்ளலாம். ‘எக்ஸ்டெண்ட்-எ-ஸ்டே’ கிட் என்று கடைகளில் கிடைக்கிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு இதுவே நல்ல வழி.

ஸ்கிராப் யார்டில் பழைய டேங்க் கிடைக்கிறது. வாங்கலாமா?

தகடு தெளிவாக இருந்து, துரு இல்லாமல், வால்வு மூடியே இருந்திருந்தால் பார்க்கலாம். வால்வு திறந்து கிடந்த டேங்க் என்றால் உள்ளே ஈரம் போய்த் துருப்பிடித்திருக்கும். எப்படியும் சேஃப்டி வால்வை மாற்ற வேண்டிவரும். வெளியில் வைக்கும் இந்த வால்வுகளைப் பத்து வருட அளவில் மாற்றச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். வால்வு, கேஜ், சோதனைக்கூலி எல்லாம் சேர்த்தால் பெரிய மிச்சம் இல்லை. நான் புதிதைத்தான் சொல்வேன்.

கடுங்குளிரில் கேஸ் வரவில்லையே?

புரோப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை ஆவியாகும். ஆனால் டேங்க்கில் திரவம் குறைவாக இருந்து ஃபர்னஸ் விடாமல் இழுத்தால், ஆவியாகும் வேகம் போதாமல் அழுத்தம் படுத்துவிடும். குளிருக்கு முன் நிரப்பி வையுங்கள். டேங்க்கைச் சூடாக்க டார்ச், ஹீட் கன் எதுவும் காட்டாதீர்கள்.

டேங்க்கோடு சுரங்கப்பாதையில் போகலாமா?

பாதைக்குப் பாதை விதி மாறும். மேரிலாண்டில் பால்டிமோர் துறைமுகச் சுரங்கத்திலும் ஃபோர்ட் மெக்ஹென்றி சுரங்கத்திலும் மோட்டார்ஹோம் டேங்க்குக்கு அனுமதி இல்லை. முன்பு கிழக்கே கீ பாலம் வழியாகச் சுற்றிப் போவார்கள். 2024 மார்ச்சில் கப்பல் மோதி அது விழுந்ததிலிருந்து, மேற்குப் பக்கம் 695 நெடுஞ்சாலையில் சுற்றுவதுதான் வழி. டேங்க் வால்வை மூடியிருக்கிறோம் என்று சொன்னாலும் அங்கே எடுபடாது.

கழற்றிய பழைய டேங்க்கை என்ன செய்வது?

அப்படியே ஸ்கிராப் யார்டுக்குக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள். புரோப்பேன் டீலரிடம் கொடுத்துக் காலி செய்து, வால்வுகளை எடுத்துவிட்டு, கேஸ் இல்லை என்று உறுதியான பிறகே பழைய இரும்பாகப் போடலாம். டேங்க்கை வெட்டிப் பார்பிக்யூ அடுப்பு செய்கிற யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். பெயின்ட்டின் அடியிலும் துருவின் இடுக்கிலும் தங்கும் வாயுவுக்கு ஒரு பொறி போதும்.